மூணே கால் வண்டி

செவ்வாயும் வெள்ளியும்
எனக்க வீட்டில் இரண்டு மணிக்கே விடியும்.
கட்டன் சாயா குடித்த தம்ளரைக் கவிழ்த்துவிட்டு
மஞ்சள் பையை ஒருமுறை உதறிப் பார்ப்பார் ஜஸ்டஸ்.
உள்ளே பிறத்தியார் உடம்புகள்:
எக்ஸ்ரே உறைகள், ஸ்கேன் தாள்கள்,
மடக்கி மடக்கி நடுவில் கிழிந்த ஓ.பி. சீட்டுகள்,
ரப்பர் வளையத்தில் யாரோ ஒருவரின் ஆறுமாதச் சர்க்கரை.

பளுகலிலிருந்து இருட்டோடு இருட்டாய் நடந்து
களியக்காவிளையில் ஆனவண்டி ஏறி
நெய்யாற்றின்கரை உறங்கிக் கிடக்கையிலே கடந்து
மெடிக்கல் காலேஜ் சன்னலுக்கு முன்
ஆறாவதோ ஏழாவதோ ஆளாய் நிற்பார்.
நோய் இவருக்கில்லை.
நோய்க்காரர்கள் பைய எட்டு மணிக்கு வந்து சேர்வார்கள்.
அதுவரை அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில்
இவருடைய இரண்டு கால்கள்.

எந்தா அசுகம் என்று டாக்டர் கேட்பார்.
"நெஞ்சு கெடந்து காந்துது" என்று
நம்மாள் தரையைப் பார்த்துச் சொல்வார்.
இடையில் நின்று அந்தக் காந்தலை
ஆறவிடாமல் அக்கரைப் பேச்சில் சேர்ப்பிப்பது
ஜஸ்டசின் வேலை. கூலி கிடையாது.
வண்டிக்கூலிக்கு சிலர் தருவார்கள்,
சிலர் அடுத்த வாரம் என்பார்கள்.

எங்கள் எல்லைக்கல்லை
இரண்டடி நகர்த்திப் போட்ட தங்கையனுக்கு
கிட்னியில் கோளாறு.
அவன் தாளை அந்தப் பைக்குள் கண்ட அன்று
நான் அடுப்பு பற்றவைக்கவில்லை.
வீட்டில் தீ போதுமான அளவு இருந்தது.
"கல்லு அங்கதான கெடக்குது ரெத்தினம்,
அவனுக்கு நீர் எறங்கலியே" என்றார்.
சண்டை போட வாய் திறந்தவள்
செருப்பை எடுத்து வாசலில் போட்டேன்.
போட்டது கோபத்தில்தான்.

தேங்காப்பட்டணத்து மைமூன் பீவி
பதினோரு மாதம் வந்தார். மார்பில் கட்டி.
ஆடியில் மௌத்தானார்.
மகன் ஒரு கூடை சாளையைக் கொண்டுவைத்துவிட்டு
முற்றத்தில் வெறுமனே நின்றான்.
அவர் சீட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது.
நான் எடுத்து வைக்கவா என்று கேட்டதற்கு
"இருக்கட்டு, பாரமில்ல" என்றார்.

கன்வென்ஷன் மூன்றாம் நாள் இரவு
புதுப் போதகர் இவரைச் சாட்சி சொல்ல அழைத்தார்.
கிறிஸ்துவின் மாதிரியை
நம் சபையில் காட்டுகிற சகோதரர் என்றார்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
சட்டையின் இரண்டாம் பொத்தான்
வேறு நூலில் தைத்தது.

மைக் கரகரத்தது.
"ஸ்தோத்திரம். மூணே நாப்பது வண்டிய
இனி மூணே காலுக்கு எடுக்கானுவ.
வெள்ளிக்கெழம உள்ளவங்க முந்தின நாளே
பழைய சீட்ட எனக்கிட்ட தந்திருங்க.
ரெத்தம் குடுக்கவேண்டியவங்க
ஒண்ணும் திங்காம வரணும். ஆமென்."

சிரிப்பு பந்தலைச் சுற்றி வந்தது.
போதகர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்,
போகிற இடத்தில் ஆண்டவரைப் பற்றிச் சொல்வதுண்டா?
ஜஸ்டஸ் உண்மையாகவே யோசித்தார்.
"சன்னல் தொறந்தா பேச எங்க ஐயா நேரம்,
இடிச்சு நிக்கவே பாடு."

பின்வரிசையில் ஒருத்தி
காணிக்கை உறையைத் திருப்பி
பேனா இரவல் வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள்:
மூணே கால். திங்கக்கூடாது.

இந்த வெள்ளி ஒன்றரைக்கே விடிந்தது.
அவர் போன பிறகு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
அவர் வெட்டவேண்டிய நூற்றைம்பது ரப்பர் மரத்தையும்
செவ்வாயும் வெள்ளியும் வெட்டுகிறவள் நான்.
சரிவில் நின்றால்
தூரத்து ரோட்டில் ஒரு வெளிச்சம் வளைந்து போகும்.
அந்த வண்டியாக இருக்கலாம், மீன் லாரியாகவும் இருக்கலாம்.
பார்த்துக்கொண்டே கத்தியை இழுத்ததில்
ஒரு மரத்தின் பட்டை ஆழமாய்ப் போய்விட்டது.
அதன்மேல் மண் குழைத்துப் பூசியிருக்கிறேன்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.